பல் விழுந்த வாக்கியம்

அந்த அகராதி அலுவலகத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. ஆங்கிலச் சொற்களை முதல் எழுத்துகளைப் பார்த்துக் கட்டுக்கட்டாகப் பிரிப்பார்கள், ஆளுக்கு ஒரு கட்டைத் தலையில் கட்டுவார்கள். அன்றிலிருந்து அந்த எழுத்துதான் அந்த ஆள். 'அன்' என்று தொடங்கும் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதுகிறவர் அன் அண்ணன். 'சப்' கட்டு வைத்திருப்பவர் சப் சார், அவர் பேச்சும் சப்பென்றுதான் இருக்கும். ஆர், ஈ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும் ஆயிரத்து நானூறு சொற்கள் யார் மேசையில் குவிந்திருந்தனவோ அவள் ரீ அக்கா. ரிப்பேர் அவளிடம், ரிட்டர்ன் அவளிடம், ரிசைன் அவளிடம். ரிவெஞ்சும் அவளிடம்தான். 'பழி, பழிவாங்குதல், வஞ்சம் தீர்த்தல்' என்று அதற்கு மூன்று பொருள் எழுதி வைத்திருந்தாள். அந்த மூன்றுக்கும் அவள் எந்தப் புத்தகத்தையும் புரட்டிப் பார்க்கவில்லை.

முதன்மை ஆசிரியருக்கு மட்டும் கட்டு கிடையாது. அவர் பெயர் அகராதியின் அட்டையில் வருவதால் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரை அட்டை என்பார்கள். ரத்தம் குடிக்கிற அட்டையை நினைத்துக்கொண்டு சொல்கிறவர்களும் உண்டு, அது அவரவர் பட்ட பாடு. அறுபத்தெட்டு வயது, வெண்கலக் குரல், மடிப்புக் கலையாத சட்டை. அவருடைய புகழெல்லாம் ஒரே ஒரு கதையின்மேல் நின்றது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், முதல் பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தபோது, ரீ கட்டு முழுசாகக் காணாமல் போனதாம். ஒரு துரோகி அதைப் போட்டிக் கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டானாம். அப்போது முப்பது வயது இளைஞரான இவர், சோறு தண்ணி மறந்து, தனி ஆளாக, அத்தனை சொல்லையும் இரண்டே வருஷத்தில் மறுபடி எழுதி முடித்தாராம். முன்னுரையில் அச்சிட்டிருக்கிறது. மேடைக்கு மேடை சொல்லவும் செய்வார்.

அந்தத் துரோகி ரீ அக்காவின் அப்பா.

அவர் அந்தக் காலத்து ரீ ஐயா. மென்மையான மனிதர், சத்தம் போட்டுத் தும்மக்கூட மாட்டார். அட்டைக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அந்த அலுவலகத்தில் ஒரு கண்டிப்பான விதி உண்டு, சொற்கள் எழுதிய சீட்டுக் கட்டு எதையும் வாசற்படி தாண்டிக் கொண்டுபோகக் கூடாது, போனால் வாசல் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அட்டை கையெழுத்துப் போடாமல் ரீ கட்டை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், பேருந்தில் விட்டுவிட்டு இறங்கிவிட்டார். மறுநாள் காலையில் ரீ ஐயாவின் மேசைக்கடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். "நான் பாத்துக்கறேன், நீ முகத்தக் கழுவிட்டு வா" என்று ரீ ஐயா தேற்றினார். முகத்தைக் கழுவப் போனவர், ஒரு மணி நேரம் கழித்து முதலாளி அறைக்குப் போய், கட்டை ரீ ஐயாதான் கொண்டுபோனார் என்று சொல்லிவிட்டார். பதிவேட்டைத் திறந்தால் ரீ ஐயாவின் கையெழுத்து இருக்கிறது. சாயங்காலத்துக்குள் அந்த மனிதரை எல்லோர் முன்னாலும் பையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லி வெளியே அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தவர் ஒரு வாரத்தில் பழைய நாட்காட்டித் தாளைச் சீட்டாக நறுக்கி, அதன் பின்பக்கத்தில் ரீ கட்டை ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். "அவன் பண்ணினதுக்கு வார்த்தைங்க என்ன பண்ணும்? ரீ இல்லாம புத்தகம் வந்தா படிக்கிற பிள்ளைங்க முழிக்கும்" என்றார். வாராவாரம் ஒரு பொட்டலம், முதலாளி பெயருக்கு, கூடவே நடந்ததைச் சொல்லி ஒரு கடிதம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனது ஆறு வயதான மகளுக்கு இன்றும் தெரியும். முதலாளியின் தபாலையெல்லாம் பிரிக்கிற வேலை அப்போது அட்டையிடம் இருந்தது என்பதுதான் அவளுக்கு வெகுகாலம் தெரியாமல் இருந்தது.

பதினாலு வயதில், பள்ளிக்கூட நூலகத்தில் அந்த அகராதியைத் திறந்தாள். ரிமெம்பர் என்ற சொல்லுக்குக் கீழே எடுத்துக்காட்டு வாக்கியம் இப்படி இருந்தது: 'என் மகளின் முதல் பல் விழுந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது; அவள் அழவில்லை, பல்லைத்தான் திட்டினாள்.' அது அவளுடைய பல். வாசற்படியில் விழுந்து கிடந்த அதைக் குனிந்து பார்த்து, 'போடா சோம்பேறி' என்று திட்டியவள் அவள். புத்தகத்தை இரவல் வாங்கி வீட்டுக்கு ஓடினாள். அப்பா ரீ பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் அவர் சீட்டு, அவர் வாக்கியம், ஒரு கால்புள்ளிகூட மாறவில்லை. அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்தார், முன்னுரையைப் படித்தார், மூடினார்.

"சரியா அச்சாயிருக்கு" என்றார். அவ்வளவுதான். அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அம்மா மட்டும் அப்படி விடவில்லை. அந்த அம்மாளுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது, காது கூர்மை, நாக்கு அதைவிடக் கூர்மை. "அந்த மனுஷன் மன்னிச்சார். நான் மன்னிக்கல. நீயும் மன்னிக்காதே" என்று சொல்லிச் சொல்லித்தான் மகளை வளர்த்தாள். மகள் படித்தாள், கல்யாணம் ஆனது, கணவரின் பெயர் முதலெழுத்தாக வந்தது, அப்பா பெயர் காகிதங்களிலிருந்து கழன்றுகொண்டது. முப்பத்தெட்டாவது வயதில் அதே அகராதி அலுவலகத்தில் வேலை கேட்டுப் போனபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பழைய வாசல் பதிவேடு எங்கேயாவது கிடைக்கும், அப்பாவின் கையெழுத்து பொய் என்று நிரூபித்துவிடலாம் என்று நினைத்துப் போனாள். ஆறு வருஷமாகக் கிடங்கில் தூசி தின்றதுதான் மிச்சம். பதிவேடு கரையானுக்குப் போய் யுகமாகியிருந்தது.

அப்போதுதான் மூன்றாம் பதிப்பு வேலை வந்தது.

அட்டை மாடி அறையில் எல்லோரையும் கூட்டினார். நீள மேசை, இரும்பு அலமாரிகள், மின்விசிறிக் காற்றில் சீட்டுகள் பறக்காமல் இருக்க மேலே உடைந்த ஓட்டுத் துண்டுகள். "பொருளெல்லாம் அப்படியே இருக்கட்டும். அத நான் வரி வரியாப் பாத்துக்கறேன். தொங்கல் எல்லாம் புதுசா வேணும்" என்றார். எடுத்துக்காட்டு வாக்கியத்துக்கு அந்த அலுவலகத்தில் தொங்கல் என்று பெயர், பொருளுக்குக் கீழே தொங்குவதால். "தந்தி வந்தது, தந்தி வந்ததுன்னு எவ்வளவு நாள் எழுதறது? பழச ஒண்ணு விடாம அறுத்துப் போட்டுடுங்க."

ரீ பக்கங்களில் அப்பாவின் பெயர் இல்லாவிட்டாலும் அப்பாவின் குரல் இருந்தது. அதை அறுக்கிற கத்தியை ரீ அக்காவின் கையிலேயே கொடுக்கிறார்.

"ரீ அக்கா, அந்தப் பல்லு விழுந்தது மட்டும் இருக்கட்டும்" என்றார் அட்டை, சிரித்துக்கொண்டே. "அது என்னோட அடையாளம். அத எடுத்தா ஜனங்க சண்டைக்கு வருவாங்க."

"அது யாரோட பல்லு சார்?" என்று கேட்டாள். குரல் நடுங்காமல் கேட்டதற்கு அவளுக்கே அவள்மேல் மரியாதை வந்தது.

"எங்க அக்கா பொண்ணுது. எனக்கு மக மாதிரி. பயங்கர வாயாடி" என்றார் கூசாமல்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். தொங்கலை யார் படிக்கிறார்கள் என்று யோசித்தாள். அட்டை படிப்பதில்லை, பொருளை மட்டும் பார்ப்பார். அகராதி வாங்குகிறவர்கள் ஒரு சொல்லைத் தேடி வருவார்கள், பார்ப்பார்கள், மூடுவார்கள். பக்கத்துச் சொல்லை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் ஒருவன் பொறுமையாக ரீ பக்கங்களை மேலிருந்து கீழே படித்தால்? அப்பா ஒரு பல்லை உள்ளே வைத்துவிட்டுப் போயிருக்கிறாரே. அவள் முழுக் கதையையும் வைப்பாள். எழுத்து வரிசை எப்படியோ, கதையும் அப்படி.

ரெக்கமெண்ட், பரிந்துரை செய்தல்: 'அவனை வேலைக்குப் பரிந்துரை செய்தவரே ரீ ஐயாதான்.' ரெக்கார்ட், பதிவு: 'கட்டை வெளியே கொண்டுபோனதற்கு அவன் எந்தப் பதிவும் வைக்கவில்லை.' ரெக்கவர், மீட்டல்: 'பேருந்தில் விட்டதை மீட்க முடியவில்லை.' ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக எடுத்தால் பச்சைப்பிள்ளை மாதிரி இருக்கும். சேர்த்துப் படித்தால்தான் அது கடிக்கும். ஆயிரத்து நானூறு சொல்லில் கதைக்கு அறுபதே போதும், மற்றதெல்லாம் மழை பெய்தது, கதவைச் சாத்து, பேனா எங்கே. அவசரப்படவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கதை வாக்கியம் என்று நிதானமாக வைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா தேநீர் டம்ளரோடு எதிரே நிற்பாள். செருப்பைக் கழற்றவும் விடமாட்டாள்.

"இன்னிக்கு எதுவரைக்கும் வந்திருக்கே?"

"ரெஃப்யூஸ்மா. மறுத்தல். 'அவர் சொன்னதைக் கேட்கக்கூட முதலாளி மறுத்துவிட்டார்.'"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா உப்பு சப்பில்லாம எழுதறேடி. அவன் கை விளங்காமப் போகன்னு ஒரு வரி போடேன்."

"அகராதியில சாபம் விடமுடியாதும்மா."

"ஏன், வார்த்தை இல்லியா? உன் ரீயில அதுக்கு ஒரு வார்த்தை இல்லாமலா போச்சு? நல்லாத் தேடு." அம்மாவுக்கு ஆங்கிலம் மட்டுமல்ல, தமிழிலும் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் மூன்று மாதத்தில் அந்த அறுபது சொல்லும் அதனதன் வரிசையில் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். காய் நறுக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள்.

பொருள்களை அட்டை வரி வரியாகப் பார்த்தார். 'ரிமார்க்' என்பதற்குக் கருத்து என்று இருந்ததைக் குறிப்புரை என்று மாற்றினார். தொங்கல் பக்கம் கண்ணே போகவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். ஒரு படி தாண்டியாயிற்று என்று ரீ அக்கா மூச்சு விட்டாள். இன்னும் ஒரு படி இருந்தது.

அது பூதக்கண்ணாடி. எழுபத்துநாலு வயதான பிழைதிருத்துநர். ஓய்வு பெற்ற பிறகும் பதிப்புக்குப் பதிப்பு கூப்பிட்டு உட்கார வைப்பார்கள், ஏனென்றால் அவர் கண்ணுக்குத் தப்பிய எழுத்து உலகத்தில் கிடையாது. கண்ணாடி, அதற்கு மேல் ஒரு கைப்பிடி வைத்த பூதக்கண்ணாடி, விரலிடுக்கில் சிவப்புப் பேனா. அவர் எந்தப் பக்கத்தையும் மேலிருந்து படிக்கமாட்டார். கடைசி வரியில் தொடங்கி மேலே ஏறுவார். நேராகப் படித்தால் விஷயம் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை தப்பிவிடும் என்பது அவர் தொழில் ரகசியம். அதனாலேயே ரீ அக்கா அவரைப் பற்றி அதிகம் பயப்படவில்லை. கீழிருந்து மேலே போகிறவருக்குக் கதை எங்கே தெரியப்போகிறது?

அச்சுக்குப் போவதற்கு நாலு நாள் முன்பு, மதிய இடைவேளையில், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது அவர் மெதுவாக வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். எண்ணூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை மேசைமேல் வைத்தார்.

"ரெஜிஸ்டர்ல ஒரு தப்பு இருக்கும்மா."

"எழுத்துப் பிழையா ஐயா?"

"எழுத்தெல்லாம் சரி. விஷயம் தப்பு." விரலை வைத்துக் காட்டினார். ரெஜிஸ்டர், பதிவேடு: 'பக்கத்தைக் கிழித்துவிட்டு, புதிய பக்கத்தில் ரீ ஐயாவின் கையெழுத்தை அவனே போட்டான்.' "அவன் போடல. அவனுக்கு அவ்வளவு வராது. நான் போட்டேன்."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்து அந்த வரியை மறுபடி படித்தாள்.

"ரீ ஐயாவோட புரூஃபெல்லாம் நான்தான் பாப்பேன். அவர் கையெழுத்து எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார் பூதக்கண்ணாடி, பக்கத்தைப் பார்த்தபடியே. "அப்ப எனக்கு வேலை நிரந்தரமாகல. அவன் வந்து கேட்டான். மாட்டேன்னா அடுத்த ஆளு நீதான்னு சொன்னான். போட்டுட்டேன்."

"எங்கப்பா ஒரு தடவகூட உங்களச் சொன்னதில்ல." அப்பா என்ற சொல் வாயிலிருந்து நழுவிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. அவர் ஆச்சரியப்படவும் இல்லை.

"அவருக்குத் தெரியும்மா. பதிவேட்டக் காட்டினதும் அத ஒரு தடவ பாத்தார், அப்புறம் நேரா என்னைப் பாத்தார். வாயத் திறக்கல."

அப்பாமேல் அவளுக்கு அந்த நிமிஷம் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு பேரைக் காப்பாற்றிவிட்டு, பெண்டாட்டியையும் பிள்ளையையும் துரோகி வீட்டு ஜனமாக்கிவிட்டுப் போயிருக்கிறார். நல்லவராக இருக்க ஒரு அளவு வேண்டாமா?

"நீங்க இத அவர்கிட்ட சொல்லப்போறீங்களா?" என்று கேட்டாள். ஒரே வார்த்தைதான் தேவை. மாடியிறங்கிப் போய் அவர் ஒரு வார்த்தை சொன்னால் வேலை போகும், அறுபது வாக்கியமும் போகும், அப்பா இரண்டாம் தரமாகத் துரோகியாவார்.

"நான் எதுக்கும்மா சொல்றேன்? நாப்பது வருஷமா பிழையோட ஒரு பக்கத்தையும் நான் அச்சுக்கு அனுப்பினதில்ல. இது பிழையாப் போகக்கூடாது. அவ்வளவுதான்."

அவள் அவரையே பார்த்தாள். தோல் சுருங்கி, காதில் நரைமுடி வளர்ந்து, பாவமாகத்தான் இருந்தார். ஆனால் பாவம் பார்க்க அவளுக்கு மனசு வரவில்லை. அந்தக் கையைப் பார்த்தாள், அப்பாவின் கையெழுத்தைப் போட்ட கை.

"அப்ப திருத்துங்க. நான் திருத்தமாட்டேன். உங்க கையாலயே திருத்துங்க."

பூதக்கண்ணாடி சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். 'அவனே போட்டான்' என்பதை ஒரே கோடாக அடித்தார். ஓரத்தில், மணிமணியான எழுத்தில், 'பிழைதிருத்துநர் போட்டார்' என்று எழுதினார். அப்புறம் ரிஹர்ஸ் என்ற சொல்லுக்கு இறங்கினார். ஒத்திகை பார்த்தல்: 'முதலாளியிடம் சொல்லவேண்டிய பொய்யை அவன் ஒத்திகை பார்த்தான்.' அதில் 'அவன்' என்பதை அடித்து 'இருவரும் மூன்று முறை' என்றும், 'பார்த்தான்' என்பதைப் 'பார்த்தார்கள்' என்றும் மாற்றினார். எழுந்து போய்விட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் கொடுத்திருக்கவும் மாட்டாள்.

அன்று சாயங்காலம் அம்மா இரண்டு திருத்தத்தையும் கேட்டாள். "பிழைதிருத்துநர் போட்டார்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "இப்பத்தான் வரி முழுசா இருக்கு" என்றாள்.

வெளியீட்டு விழாவன்று காலையிலேயே லாரிகள் கிளம்பிவிட்டன. பன்னிரண்டாயிரம் பிரதி, பள்ளிக்கூடங்களுக்கும் கடைகளுக்கும். இனி யார் நினைத்தாலும் திரும்பக் கூப்பிட முடியாது. அரங்கில் நானூறு நாற்காலி, ஒவ்வொன்றின்மேலும் ஒரு பிரதி, முன்வரிசைகளில் ஆசிரியர்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் அம்மா, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கடைசி வரிசையில் பூதக்கண்ணாடி.

ஒவ்வொரு வெளியீட்டிலும் அட்டைக்கு ஒரு பழக்கம் உண்டு. முதல் பிரதியில் ஒரு சிவப்பு நாடா வைத்திருப்பார்கள். நாடா எங்கே விழுந்திருக்கிறதோ அந்தப் பக்கத்தைத் திறந்து, முதல் பத்தியைச் சொல், பொருள், தொங்கல் என்று நிறுத்தாமல் வெண்கலக் குரலில் வாசிப்பார். முன்கூட்டிப் பார்க்கவே மாட்டார், அதில் அவருக்கு அப்படியொரு பெருமை. இந்த முறை நாடா வைக்கிற வேலையை ரீ அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். எண்ணூற்றுப் பன்னிரண்டில் வைத்தாள். மேடைக்குக் கொண்டுபோய் இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு, திரைச்சீலை ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

அட்டை முதலில் தொலைந்த கட்டின் கதையைச் சொன்னார். துரோகி வந்தான், இளைஞர் வந்தார், இரண்டு வருஷம் வந்தது, கைதட்டல் வந்தது. பல் விழுந்த வாக்கியமும் வந்தது. "எங்க அக்கா பொண்ணு இப்ப வெளிநாட்டுல டாக்டரா இருக்கா" என்று இந்த முறை ஒரு பிட்டு சேர்த்துக்கொண்டார். அப்புறம் நாடாவைப் பிடித்துப் புத்தகத்தைத் திறந்தார்.

"அட, ரீ. நம்ம ராசியான எழுத்து" என்றார். சபை சிரித்தது.

"ரீஜன். வட்டாரம், மண்டலம். 'இந்த வட்டாரத்தில் மழை குறைவு.'" குரல் கணீரென்று போயிற்று. "ரெஜிஸ்டர். பதிவேடு. 'பக்கத்தைக் கிழித்துவிட்டு, புதிய பக்கத்தில் ரீ ஐயாவின் கையெழுத்தைப் பிழைதிருத்துநர் போட்டார்.'"

வாய் முந்திக்கொண்டது, புத்தி பின்னால்தான் வந்தது. கண் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தது, பழக்கதோஷம், வாய் அதையும் படித்தது. "ரெக்ரெட். வருந்துதல். 'கட்டைப் பேருந்தில் தொலைத்தவன் ஒருநாளும் வருந்தவில்லை.' ரெகுலர். ஒழுங்கான, தவறாத. 'வாராவாரம் தவறாமல் தபாலில் வந்த சீட்டுகளை அவன் தன் பெயரில்...'"

நின்றுவிட்டார். தொண்டையைச் செருமினார். ஒலிபெருக்கியில் அது இடி மாதிரி விழுந்தது. புத்தகத்தை மூடப் போனார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. அம்மா எழுந்து நின்றிருந்தாள். கையில் புத்தகம்கூட இல்லை, அது நாற்காலிமேல் மூடிக் கிடந்தது. "'தன் பெயரில் அச்சிட்டான்.' அதுதான் மிச்சம். அடுத்தது ரிஹர்ஸ். 'முதலாளியிடம் சொல்லவேண்டிய பொய்யை இருவரும் மூன்று முறை ஒத்திகை பார்த்தார்கள்.' அதுக்கப்புறம் ரிஜெக்ட். 'அவருடைய கடிதங்கள் நிராகரிக்கப்பட்டன. சீட்டுகள் மட்டும் ஏற்கப்பட்டன.' படிங்க சார். நல்ல குரல் உங்களுக்கு."

முன்வரிசையில் ஒரு ஆசிரியை பிரதியை எடுத்துப் பிரித்தாள். பக்கத்தில் இருந்தவர் எந்தப் பக்கம் என்று கேட்டார். "எண்ணூத்திப் பன்னெண்டு" என்று கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூதக்கண்ணாடி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒரு கையைத் தூக்கியிருந்தார். "ரெஜிஸ்டர்ல சொல்லியிருக்கற ஆளு நான்தான். அந்தப் பக்கத்துல பிழை எதுவும் இல்ல. நான் பாத்திருக்கேன்" என்றார். தூக்கின கையை இறக்கவில்லை.

அதற்கப்புறம் அரங்கில் தாள் புரளுகிற சத்தம்தான். நானூறு பேர் ஆளுக்கொரு பக்கமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். அகராதியை வரிசையாகப் படிக்கிற ஜனத்தை உலகத்தில் யாராவது பார்த்திருந்தால் அது அன்றைக்குத்தான்.

அட்டை மேடை ஓரத்துக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. கையில் ஒலிவாங்கி இருப்பதே அவருக்கு மறந்துவிட்டது. "யாரு நீ?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அரங்கம் முழுக்கக் கேட்டது.

எத்தனையோ நீளமான பதில்களை அவள் முப்பது வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தாள். அவன் இவன் என்று ஆரம்பிக்கிற பதில்கள், அம்மா சொல்லிக்கொடுத்த சாபங்கள், எல்லாம். அந்த நேரத்தில் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"அந்தப் பல் என்னோடது சார்" என்றாள்.

அவர் அவள் வாயைப் பார்த்தார். எத்தனையோ மேடையில் அவர் விழ வைத்த பல், அக்கா மகளுக்கும் வெளிநாட்டு டாக்டருக்கும் அவர் தாரை வார்த்த பல். அது முளைத்து நாற்பத்துநாலு வயதுப் பெண்ணாக எதிரில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். உட்கார நாற்காலி தேடிக் கையை நீட்டினார். ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் பக்கத்தில்தான் ஒரு நாற்காலி இருந்தது. அவளும் அசையவில்லை.

கீழே இறங்கி வந்தபோது அம்மா தன் பிரதியை மடியில் வைத்துப் பிரித்திருந்தாள். எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது, எழுத்தும் தெரியாது. ஒரு விரலால் வரிகளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பா இங்கதானே இருக்கார்?"

மகள் பக்கத்தைத் திருப்பி, ரிமெம்பர் என்ற சொல்லுக்கு நேராக அந்த விரலை எடுத்து வைத்தாள். அம்மா குனிந்து, எல்லாம் படிக்கத் தெரிந்தவள் மாதிரி, அந்த இரண்டு வரியையும் கடைசி முற்றுப்புள்ளிவரை பார்த்தாள்.

"சரியா அச்சாயிருக்கு" என்றாள், புத்தகத்தை மூடி இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.